முழங்காலும் மொழிபெயர்ப்பும்: மூட்டுத் தேய்மான வினாநிரல் துருக்கிய மொழிக்குச் சென்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

முழங்கால் மூட்டுத் தேய்மானத்தின் கடுமையை நோயாளரின் சொல்லைக் கொண்டே அளப்பதற்காகக் கனடாவில் உருவான வோமாக் வினாநிரலும், அதனை உள்ளடக்கி சுவீடனில் வளர்ந்த கூஸ் வினாநிரலும் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் துருக்கிய மொழியில் ஆக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. அவ்வாக்கத்தின் வரலாற்றைச் சொல், வீடு, உடலிருக்கை என்னும் தளங்களில் இக்கட்டுரை ஆராய்கிறது. வினாக்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் மாற்றாது காத்ததால் நாடுகளுக்கிடையே ஒப்பிடும் வசதி கிடைத்தது. துருக்கிய வாழ்வின் அன்றாட அசைவுகள் சில கணக்கில் வராமற்போனது அதற்குக் கொடுத்த விலை என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மூட்டுத் தேய்மானம், வோமாக், கூஸ், பண்பாட்டுத் தகவமைப்பு, பின்மொழிபெயர்ப்பு, துருக்கிய மொழி.

முன்னுரை

மூட்டுத் தேய்மானத்தை மருத்துவம் நெடுங்காலம் கண்ணால் அளந்தது. 1957இல் கெல்கிரென், லாரன்ஸ் ஆகிய இருவரும் எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கொண்டு மூட்டின் நிலையை 0 முதல் 4 வரை தரப்படுத்தினர். எலும்பு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி குறுகியிருக்கிறதா, ஓரங்களில் எலும்பு துருத்தி வளர்ந்திருக்கிறதா என்பன போன்றவை அத்தரப்பாட்டின் அடிப்படைகள். இன்றும் அது வழக்கில் உள்ளது. ஆயினும் படமும் வலியும் ஒத்துப்போவதில்லை என்பதை மருத்துவர்கள் விரைவிலேயே கண்டனர். படத்தில் பெருஞ்சிதைவு தெரிந்தும் தடையின்றி நடப்போர் உண்டு; படம் ஏறத்தாழ இயல்பாக இருந்தும் படியிறங்க இயலாதோர் உண்டு. ஆகவே நோயின் அளவை அறிய நோயாளரையே கேட்க வேண்டியதாயிற்று. கேட்பதென்றால் ஒரு மொழியில்தான் கேட்க இயலும். மருத்துவ அளவியலின் வரலாறு மொழிபெயர்ப்பின் வரலாறாகவும் மாறிய இடம் இது.

துருக்கிய மொழியை இங்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தமிழைப் போலவே அது ஒட்டுநிலை மொழி; வேரோடு விகுதிகள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து பொருளை நுட்பமாக மாற்றும். அம்மொழி பேசுவோரில் பெரும்பாலோர் தரையில் அமர்ந்தும் குந்தியும் வாழ்ந்து, ஒரு தலைமுறைக்குள் நாற்காலிக்கும் அடுக்ககத்துக்கும் நகர்ந்தவர்கள். அந்நகர்வின் நடுவில்தான் வினாநிரல் அவர்களிடம் வந்து சேர்ந்தது.

ஒண்டாரியோவில் பிறந்த 24 வினாக்கள்

வோமாக் என்பது கனடாவின் வெஸ்டர்ன் ஒண்டாரியோ, மெக்மாஸ்டர் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெயர்களைச் சுருக்கி அமைந்த பெயர். 1982இல் நிக்கோலஸ் பெல்லமி இப்பணியைத் தொடங்கினார். இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் கொண்ட 100 நோயாளரிடம் எவை வலிக்கின்றன, எவை இயலாமற் போயின என்று கேட்டறிந்து, அவ்விடைகளிலிருந்து வினாக்கள் திரட்டப்பட்டன. பெல்லமியும் வாட்சன் புகானனும் 1986இல் வெளியிட்ட முன்னாய்வு இதனைப் பதிவு செய்கிறது. வினாநிரலின் சோதனை முடிவுகள் 1988இல் வாதநோயியல் இதழொன்றில் வெளிவந்தன. மருந்துச் சிகிச்சையின் விளைவை அளக்கும் கருவி என்று அக்கட்டுரையின் தலைப்பே கூறுகிறது. ஒரு மாத்திரை மற்றொன்றைவிட மேலானதா என்று முடிவு செய்வதே அதன் முதற்பணி. பின்னாளில் அறுவைச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் இதே அளவுகோலால் அளக்கப்பட்டன.

வினாநிரலில் வலி பற்றி 5, விறைப்பு பற்றி 2, உடற்செயல் பற்றி 17 என 24 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். எனவே கூட்டுத்தொகை 96. தொடக்கத்தில் சமூக வாழ்வு, மனநிலை பற்றிய பகுதிகளும் இருந்தன. பின்னர் அவை நீக்கப்பட்டன. எஞ்சியவற்றில் உடற்செயல் பற்றிய 17ஐப் படிப்பவர் மனத்தில் ஒரு வீடு உருவாகும். அவ்வீட்டில் மாடிப்படி உண்டு. ஏறித் தாண்டி இறங்க வேண்டிய குளியல் தொட்டி உண்டு. உட்கார்ந்து எழும் கழிப்பறை உண்டு. வாசலில் கார் நிற்கிறது. காலையில் காலுறை மாட்டி, மாலையில் கழற்றுகிறார்கள். தரையைப் பொறுத்தவரை குனிவது பற்றி மட்டும் ஒரு வினா உண்டு. தரையில் அமர்வது பற்றி எதுவுமில்லை. இதனைக் குறையென்று சொல்வதற்கில்லை. ஒண்டாரியோவின் நோயாளரிடம் கேட்டுத் திரட்டிய வினாக்களில் ஒண்டாரியோவின் வீடு இருப்பது இயல்பு. அக்கருவி நேர்மையாகச் செய்யப்பட்டது என்பதற்கே அது சான்று.

இதே காலத்தில் பாரிஸில் மிஷேல் லெகேன் வேறொரு குறியீட்டை அமைத்திருந்தார். 1987இல் வெளியான அதன் உச்ச மதிப்பெண் 24. மருத்துவர் கேட்டு எழுதிக்கொள்ளும் முறையில் அது அமைந்தது. எவ்வளவு தொலைவு நடக்க இயலும் என்பதையும், முழங்காலை மடக்கிக் குந்த இயலுமா என்பதையும் அது கேட்டது. குந்துதல் ஐரோப்பிய அளவுகோலொன்றில் அன்றாடச் செயலாகவே இடம்பெற்றிருந்தது என்பதை இங்குக் குறித்துக்கொள்வது பின்வரும் செய்திகளுக்குத் துணையாகும்.

மொழிபெயர்ப்பு நெறியாக்கம்

வினாநிரல்கள் கடல் கடந்தபோது, இரு மொழி அறிந்த ஒருவர் பெயர்த்தால் போதும் என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின், குவாம் பல்கலைக்கழகத்தில் பத்து மொழிகளைச் சேர்ந்த இருமொழியாளரைக் கொண்டு பின்மொழிபெயர்ப்பு முறையைச் சோதித்தார். ஒருவர் பெயர்த்ததை, மூலத்தை அறியாத மற்றொருவர் மீண்டும் மூலமொழிக்குப் பெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு வழுக்களைக் களைய வேண்டும். உளவியலில் தோன்றிய இம்முறை மருத்துவத்துக்குள் வந்தபோது, அதனை 1993இல் கிய்மென், பொம்பார்டியே, பீட்டன் ஆகியோர் நெறிமுறையாக்கினர். 2000இல் பீட்டனும் உடனாசிரியர்களும் அதைத் திருத்தி வெளியிட்டனர். இருவர் தனித்தனியே பெயர்த்தல், இரண்டையும் ஒன்றாக்கல், பின்மொழிபெயர்ப்பு, வல்லுநர் குழு ஆய்வு, 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை என அமைந்த இவ்வரிசை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

இந்நெறிமுறை நான்கு வகை நிகர்மையைக் கோருகிறது. சொற்பொருள் நிகர்மை, மரபுத்தொடர் நிகர்மை, அனுபவ நிகர்மை, கருத்து நிகர்மை என்பன அவை. அனுபவ நிகர்மைக்கு அது தரும் எடுத்துக்காட்டு முட்கரண்டி. முட்கரண்டி வழக்கில் இல்லாத நாட்டில் முட்கரண்டியால் உண்பது கடினமாக உள்ளதா என்று கேட்டுப் பயனில்லை. அங்கு எதனால் உண்கிறார்களோ அதைக் கேட்க வேண்டும். எளிய எடுத்துக்காட்டுத்தான். ஆனால் ஒரு பொருளுக்கு மாற்றாக மற்றொரு பொருளை வைப்பதற்கே அது வழிகாட்டுகிறது. மூலத்தில் இடமே பெறாத ஒரு செயலை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு வழி சொல்வதில்லை. பின்மொழிபெயர்ப்பும் இவ்விடத்தில் உதவாது. மூலத்தில் உள்ளது பெயர்ப்பில் இருக்கிறதா என்பதை அது காட்டும். மூலத்திலேயே இல்லாததைக் காட்டாது. பின்மொழிபெயர்ப்பால் பெரும்பயன் இல்லை, வல்லுநர் குழுவே தரத்தை உயர்த்துகிறது என்று எப்ஸ்டைனும் உடனாசிரியர்களும் 2015இல் சோதனை வழிக் காட்டியது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. அவ்வாசிரியர்களுள் கிய்மெனும் பீட்டனும் இருந்தனர் என்பது சுவையான செய்தி.

துருக்கிய ஆக்கங்களும் சொற்களின் சிக்கலும்

துருக்கியில் இப்பணி திடீரெனத் தோன்றவில்லை. உடல்நலம் பற்றிய பொது வினாநிரலான எஸ்எஃப்-36 துருக்கிய மொழியில் 1999இலேயே சோதிக்கப்பட்டிருந்தது. அங்காரா பல்கலைக்கழகத்தின் அய்ஷே குச்சுக்தெவெஜியும் குழுவினரும் நாட்டிங்ஹாம் நலவரைவையும், 2004இல் முடக்குவாத நோயாளருக்கான ஸ்டான்ஃபோர்டு வினாநிரலையும் துருக்கிய மொழிக்குத் தகவமைத்தனர். இந்தப் பின்னணியில், 2005இல் எமினே ஹந்தான் துஸுனும் உடனாசிரியர்களும் வோமாக்கின் துருக்கிய வடிவம் எந்த அளவு ஏற்கப்படுகிறது, நம்பத்தக்கதா, சிகிச்சைக்குப் பின் ஏற்படும் மாற்றத்தைக் காட்டுகிறதா என்று ஆராய்ந்து வெளியிட்டனர். 2007இல் நுர்தான் பாக்கெரும் உடனாசிரியர்களும் கூஸின் துருக்கிய வடிவத்தைச் சோதித்தனர். 2010இல் சிபெல் பஷாரனும் உடனாசிரியர்களும் வோமாக்கையும் லெகேன் குறியீட்டையும் ஒரே நோயாளரிடம் வைத்து ஒப்பிட்டனர். கூஸின் உடற்செயல் குறுவடிவம் 2013இல் வந்தது. எட்டே ஆண்டுகளில் முழங்காலுக்கென நான்கு ஆய்வுகள் வந்தது சிறிய முயற்சியன்று.

இவ்வாக்கங்களைச் செய்வோர் எதிர்கொள்ள வேண்டிய முதற்சிக்கல் நோயின் பெயர். துருக்கிய மக்கள் மூட்டுத் தேய்மானத்தைக் கிரெச்லென்மே என்பர். கிரெச் என்றால் சுண்ணாம்பு; மூட்டில் சுண்ணாம்பு படிதல் என்பது பொருள். தமிழில் நாம் தேய்மானம் என்கிறோம். ஒரே நோயை ஒரு மொழி குறைதலாகவும் மற்றொரு மொழி படிதலாகவும் காண்கிறது. மூட்டில் ஏதோ சேர்ந்துவிட்டது என்று எண்ணுபவர் அதைக் கரைக்கும் மருந்தைத் தேடுவார். தேய்ந்துவிட்டது என்று எண்ணுபவர் மேலும் தேயாமலிருக்க நடப்பதைக் குறைத்துக்கொள்வார். மருத்துவ அறிவியலின்படி இரண்டு உருவகமும் முழு உண்மையல்ல. ஆயினும் நோயாளர் வினாவுக்கு விடை சொல்வது அவ்வுருவகத்தின் உள்ளே நின்றுதான்.

மூட்டு என்ற சொல்லிலேயே தலைமுறை இடைவெளி உண்டு. அரபு வழி வந்த மஃப்சல் என்பது பழைய சொல். எக்லெம் என்பது மொழிச் சீர்திருத்தத்தின் வழி நிலைபெற்ற சொல். 1928இல் அரபு எழுத்து நீங்கி இலத்தீன் எழுத்து வந்ததும், 1932இல் தொடங்கிய துருக்கிய மொழிக் கழகம் அயற்சொற்களைக் களையும் இயக்கத்தை நடத்தியதும் அறிந்தவையே. (மஃப்சல் என்பதன் வேர், பிரித்தல் என்னும் பொருளுடைய அரபு வேர். நம் பேருந்து நிலையப் பலகைகளில் காணும் மஃபசல் என்ற சொல்லும் அதே வேரினது.) தனித்தமிழ் இயக்கத்தின் பின்னணியுடைய வாசகருக்கு இச்சூழல் விளக்கம் வேண்டாதது. இளம் மருத்துவரின் சொல்லும் முதிய நோயாளரின் சொல்லும் ஒரே மொழிக்குள்ளேயே மொழிபெயர்ப்பு வேண்டி நிற்கும்.

விறைப்பைக் குறிக்கத் துருக்கிய மருத்துவம் துத்துக்லுக் என்கிறது. காலை விறைப்பு அம்மொழியின் வாதநோயியலில் நிலைபெற்ற தொடர். பிடிபட்ட நிலை என்பது அச்சொல்லின் உட்பொருள். பேச்சுத் தடைபடுதலையும் அதே சொல் குறிக்கும். கைதானவரைக் குறிக்கும் சொல்லும் அதே வேரில் பிறந்ததே. செர்த்லிக் என்னும் மற்றொரு சொல்லோ கல்லின் கடினத்தையும் குணத்தின் கடுமையையும் சொல்லும். ஆங்கில மூலம் கேட்பது மூட்டை அசைக்கத் தொடங்கும்போது தோன்றும் தயக்கத்தை. எந்தச் சொல்லை இட்டாலும் ஒரு சாயல் கூடும், ஒரு சாயல் குறையும்.

வலிக்கு வரும் பொதுச்சொல் ஆரு. அதன் இறுதியொலி நம் குற்றியலுகரத்துக்கு மிக அணுக்கமானது. ஆனால் எலும்புக்குள் ஊறும் மந்தமான நோவுக்கு வேறு சொல் உண்டு. நாவில் உறைப்பையும் மனத்தில் துயரையும் சேர்த்துச் சொல்லும் மூன்றாவது சொல்லும் உண்டு. வலி, குடைச்சல், உளைச்சல் என்று நாம் பகுப்பதை ஒத்தது இது. ஆருவைத் தெரிவது மொழிபெயர்ப்பாளருக்கு எளிது. இரவில் படுக்கையில் ஆரு எவ்வளவு என்று கேட்டால், ஆரு இல்லை, வேறொன்று உண்டு என்று நோயாளர் விடை சொல்லக்கூடும் என்பதுதான் சிக்கல்.

விகுதிகளின் நுட்பமும் கருதத்தக்கது. படி ஏறுகிறேன் என்பதற்கும் படி ஏற முடிகிறது என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைத் துருக்கிய மொழி வினைக்குள் எபில் என்னும் ஓர் இடைநிலையால் காட்டிவிடும். வோமாக் கேட்பதோ இவ்விரண்டும் அல்ல. செய்யும்போது எவ்வளவு சிரமம் என்பதே அதன் வினா. இதில் ஓர் ஓட்டை உண்டு. படி ஏறுவதையே விட்டுவிட்டவர் சிரமமில்லை என்று விடையளிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் அந்த இடைநிலையைச் சேர்த்தால் ஓட்டை ஓரளவு அடைபடும்; ஆனால் வினா வேறாகிவிடும்.

வீடு மாறிய தலைமுறை

2005இல் அறுபது வயதான துருக்கியப் பெண்ணொருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் 1945இல் பிறந்தவர். 1950இல் துருக்கிய மக்களில் நால்வரில் ஒருவரே நகரத்தில் வாழ்ந்தார். 2000இல் ஏறத்தாழ 65% பேர் நகரவாசிகள். ஆகவே அவர் சிற்றூரில் வளர்ந்து நகரத்தில் முதிர்ந்தவராக இருக்க வாய்ப்பு மிகுதி. அவருடைய முழங்கால்கள் தரையில் விரித்த விரிப்பைச் சுற்றி அமர்ந்து உண்ணவும், குந்தும் கழிப்பறையைப் பயன்படுத்தவும், தாழ்ந்த பலகையில் அமர்ந்து கிண்ணத்தால் நீர் மொண்டு குளிக்கவும் பழகியவை. 2000 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்ற பெண்கள் ஏறத்தாழ 81%. முதியோரில் இவ்விகிதம் இன்னும் குறைவு. தாமே படித்து நிரப்புவதற்காக அமைந்த வினாநிரலைச் செவிலியரோ இயன்மருத்துவரோ படித்துக் காட்டும் நிலை இதனால் உண்டாகும். 100 மில்லிமீட்டர் கோட்டில் வலியின் அளவைக் குறித்துக் காட்டச் சொல்லும் வடிவமும் வோமாக்குக்கு உண்டு. பேனாவைப் பிடித்துப் பழகாத கைக்கு அது எத்தகைய பணி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய நோயாளர் சிலரல்லர். அந்தாலியா நகரில் நடந்து 2005இல் வெளியான கள ஆய்வின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 14.8% பேருக்கு அறிகுறியுடன் கூடிய முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. பெண்களில் அது 22.5%, ஆண்களில் 8%. வினாநிரல் எழுதப்பட வேண்டியது யாருக்காக என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

குளியல் தொட்டி பற்றிய வினாவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் தொட்டிக்குள் இறங்குவதையும் வெளியேறுவதையும் அது கேட்கிறது. விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்குவதே அங்குச் சோதனை. துருக்கிய மொழியில் பான்யோ என்றால் குளியலறையும் ஆகும், குளித்தலும் ஆகும். பான்யோவுக்குள் போய்வருதல் என்று பெயர்த்தால் அறைவாசலைக் கடப்பதாகப் பொருள்பட்டு, சிரமம் மறைந்துவிடும். கூவெத் என்று தொட்டியைக் குறிப்பாகச் சொன்னால் பொருள் திருத்தமாகும். ஆனால் தொட்டி இல்லாதவர் வினாவுக்கு வெளியே நின்றுவிடுவார். (நம் நாட்டில் சோப்பின் பெயராகப் பழகிய ஹமாம், துருக்கியப் பொதுக் குளியலகத்தின் பெயரே. அங்கு நீர்த்தொட்டியின் அருகே அமர்ந்து மொண்டு ஊற்றிக்கொள்வர், தொட்டிக்குள் இறங்குவதில்லை.)

கழிப்பறை பற்றிய வினா இதனினும் நுட்பமானது. துருக்கியர் குந்தும் கழிப்பறையை அலாதுர்கா என்றும், அமரும் கழிப்பறையை அலாஃப்ராங்கா என்றும் வழங்குவர். துருக்கிய முறை, ஐரோப்பிய முறை என்பன அவற்றின் பொருள். கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது எவ்வளவு சிரமம் என்ற துருக்கிய வினா இரண்டுக்கும் பொருந்தும். பெயர்ப்பில் எந்த வழுவும் இல்லை; பின்மொழிபெயர்ப்பும் எதையும் பிடிக்காது. ஆனால் ஒருவர் இட்ட 3 என்பது முழங்காலை முழுவதும் மடக்கியதற்கான 3. மற்றவருடையது செங்கோணத்தில் அமர்ந்ததற்கான 3. ஒரே நெடுவரிசையில் இரண்டும் கூட்டப்படுகின்றன.

கடைக்குச் செல்லுதல் என்ற வினா இடையூறின்றிக் கடந்தது எனலாம். அலுஷ்வெரிஷ் என்பது அதற்கான சொல். எடுத்தலும் கொடுத்தலும் என்று பிரியும் அது நம் கொடுக்கல் வாங்கலை ஒத்தது. காரில் ஏறி இறங்குதல் அப்படியன்று. வினாநிரல் கடந்த 48 மணிநேரத்தைப் பற்றியே கேட்கிறது. அக்காலத்துக்குள் காரில் ஏறாதவர் கற்பனையில்தான் விடை சொல்ல வேண்டும்.

துருக்கிய மொழி பேசும் நோயாளர் துருக்கியில் மட்டும் இல்லை என்பதும் சிக்கலைக் கூட்டுகிறது. 1961 அக்டோபர் 30இல் மேற்கு ஜெர்மனியோடு ஏற்பட்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின் வழிச் சென்ற தலைமுறை, வினாநிரல் ஆக்கப்பட்ட காலத்தில் ஜெர்மானிய நகரங்களின் அடுக்ககங்களில் முதுமையை எட்டியிருந்தது. மொழி ஒன்று, வீடு வேறு.

குந்துதல் எந்தப் பிரிவைச் சேர்ந்தது?

1998இல் ஈவா ரூஸும் உடனாசிரியர்களும் வெளியிட்ட கூஸ், வோமாக்கின் வினாக்களை முழுமையாக உள்ளடக்கி அவற்றை 42 ஆக விரித்தது. மூட்டுத் தேய்மானத்தோடு, இளமையில் முழங்காலில் அடிபட்டவரையும் கருத்தில் கொண்டதால் புதிய பிரிவுகள் தேவைப்பட்டன. அவற்றுள் ஒன்று விளையாட்டும் பொழுதுபோக்கும் பற்றியது. அதில் ஐந்து வினாக்கள் உள்ளன. குந்துதல், ஓடுதல், குதித்தல், காலை ஊன்றித் திரும்புதல், முழந்தாளிடுதல் என்பன அவை.

துருக்கிய வடிவத்திலும் ஐந்து பிரிவுகளாகிய அமைப்பு அவ்வாறே நிற்கிறது. சுவீடனில் குந்துவது உடற்பயிற்சியாகவோ தோட்ட வேலையாகவோ இருக்கலாம். துருக்கியில் குந்தும் கழிப்பறையைப் பயன்படுத்தும் முதியவருக்கு அது நாள்தோறும் தவிர்க்க இயலாத செயல். முழந்தாளிடுதலோ தொழுகையின் உறுப்பு. ஐவேளைத் தொழுகையில் கடமையானவை மட்டும் நாளொன்றுக்கு 17 ரக்அத். ஒவ்வொன்றிலும் இரண்டு முறை நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். ஆக 34 முறை, இரண்டு முழங்கால்களும் தரையில் ஊன்ற வேண்டும். தொழுகைக்கு முன் கால் கழுவுவதும் முறை. நின்றபடி பாதத்தைக் குழாயடிக்கு உயர்த்துவதற்கும் முழங்கால் வேண்டும். விளையாட்டு என்னும் தலைப்பின் கீழ் இவற்றைக் கேட்டால், அறுபது வயதுப் பெண் அப்பகுதியைத் தமக்கு உரியதன்று என்று விட்டுச்செல்ல நேரும். அச்செயல் வினாநிரலில் இருக்கிறது. அவருடைய வாழ்வில் அது இருக்கும் இடத்தில் இல்லை. லெகேன் குறியீடு குந்துதலை அன்றாடச் செயலாகக் கேட்டது என்று முன்னர்க் குறித்தோம். அவ்வகையில் பாரிஸ் மருத்துவரின் சிறு குறியீடு அனடோலிய வாழ்வுக்கு அணுக்கமாக நின்றது. துருக்கிய ஆய்வாளர் 2010இல் அதனையும் வோமாக்கோடு நிறுத்திச் சோதித்தது பொருளுள்ள செயல்.

துருக்கிய மருத்துவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். தொழுகைக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை ஆராய்ந்த துருக்கியக் கட்டுரையொன்று 2008இல் பன்னாட்டு வாதநோயியல் இதழில் வெளியாகியுள்ளது. நோயுற்றவர் அமர்ந்தோ சைகையாலோ தொழலாம் என்ற சமயச் சலுகையும் உண்டு. ஆகவே முழங்கால் மடங்காதவர் நாற்காலிக்கு மாறுகிறார். மாறியபின் அவருக்கு வலியும் குறையலாம், மதிப்பெண்ணும் குறையலாம். அளவுகோலின்படி அவர் தேறியவர். அவரோ வரிசையில் பிறரோடு தரையில் நெற்றி வைக்க இயலாத ஒருவராகத் தம்மை உணர்கிறார்.

செயற்கை மூட்டு பொருத்தும் அறுவைச் சிகிச்சையில் இது வெறும் கருத்துநிலைச் சிக்கலாக நிற்பதில்லை. மேலை நாடுகள் அல்லாதவற்றின் அன்றாட அசைவுகளைத் தொகுத்து 2001இல் வெளியான ஆய்வொன்று, குந்துவதற்கும் முழந்தாளிடுவதற்கும் முழங்கால் 111 முதல் 165 பாகை வரை மடங்க வேண்டும் என்று காட்டியது. செயற்கை மூட்டு பெற்ற பலருக்கு ஏறத்தாழ 110 முதல் 120 பாகையே கிட்டுகிறது. படி ஏறவும் நாற்காலியில் அமரவும் அது போதும். வோமாக்கின் வினாக்களுக்கும் அது போதும். அறுவை வெற்றி என்று எண் கூறும் இடத்தில் நோயாளர் ஏமாற்றம் கொள்வது ஏன் என்பதற்கு இவ்விடைவெளி ஒரு விளக்கம். ஆழ மடங்கும் மூட்டுகளை வடிவமைக்க வேண்டுமா, அறுவைக்கு முன்பே இதனை நோயாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டுமா என்பன போன்ற முடிவுகள், அவ்வசைவு அளக்கப்பட்டால்தான் எடுக்கப்படும்.

நம்பகத்தன்மை எதை நிறுவுகிறது?

வினாநிரல் ஆக்கங்கள் எல்லாம் இறுதியில் எண்களால் மதிப்பிடப்படுகின்றன. வினாக்கள் தம்முள் இணங்குகின்றனவா என்பதைக் குரோன்பாக்கின் ஆல்ஃபா கெழு காட்டும். சில நாள் கழித்துக் கேட்டாலும் அதே விடை வருகிறதா என்பதை மறுசோதனை காட்டும். வேறு அளவுகோல்களோடு ஒத்துச் செல்கிறதா என்பதை ஒட்டுறவு காட்டும். இவை வேண்டியவையே. ஆனால் இம்மூன்றும் கேட்கப்பட்ட வினாக்களைப் பற்றியே பேசுகின்றன. 24 வினாக்களும் ஒன்றோடொன்று சிறப்பாக இணங்கலாம்; 25ஆவதாக இருந்திருக்க வேண்டிய வினா எது என்பதை எந்தக் கெழுவும் சொல்லாது. உள்ளடக்க ஏற்புடைமையே அளவுகோலின் பண்புகளுள் முதன்மையானது என்று காஸ்மின் குழுவினர் 2018இல் வலியுறுத்தியது இக்குறையை உணர்ந்தே ஆகலாம்.

மாற்று வழிகளைத் தேடியோர் உண்டு. முன்னர்க் கூறிய 2004ஆம் ஆண்டு முடக்குவாத ஆய்வில் குச்சுக்தெவெஜி குழுவினர் ராஷ் பகுப்பாய்வைக் கையாண்டு, துருக்கிய விடைகளைப் பிரித்தானிய நோயாளரின் விடைகளோடு வினா வினாவாக ஒப்பிட்டனர். ஒரே அளவு இயலாமை உடைய இருவர் நாடு வேறென்பதாலேயே ஒரு வினாவுக்கு வேறு விடை தருகின்றனரா என்பதை அம்முறை வெளிக்கொணரும். கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பதைவிட இது மேலானது. புணேயில் வாதநோய் மையத்தினர் குந்துதல், சம்மணமிட்டு அமர்தல் ஆகியவற்றைக் கருதி வோமாக்கின் இந்திய வடிவத்தை அமைத்தனர். துனீசியாவிலும் தாய்லாந்திலும் மூலத்தை மாற்றிய வடிவங்கள் வந்துள்ளன. துருக்கியின் வழி வேறு. அங்கு 24 என்னும் கட்டமைப்பு மாறவில்லை. இதனைச் சோம்பல் என்றோ பின்பற்றும் மனப்பான்மை என்றோ கொள்வது நேர்மையாகாது. பன்னாட்டு மருந்தாய்வுகளில் துருக்கிய நோயாளர் பங்குபெற வேண்டுமானால் அவர்களுடைய எண் பிற நாட்டு எண்ணோடு கூட்டத்தக்கதாய் இருக்க வேண்டும். வோமாக் காப்புரிமை பெற்ற கருவி. உரிமையாளரின் ஒப்புதலின்றி வினாவை மாற்றவும் இயலாது. கட்டணமின்றிக் கிடைக்கும் கூஸ் இவ்வகையில் சற்று நெகிழ்வானது.

இவ்விரு தேவைகளில் ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. 24 வினாக்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் தொடாமல், குந்துதல், துருக்கியர் பாதாஷ் என்றும் நாம் சம்மணம் என்றும் சொல்லும் இருக்கை, முழந்தாளிட்டு வணங்கி எழுதல் ஆகியவற்றைத் தனி இணைப்பாகக் கேட்டுத் தனியே மதிப்பெண் இடலாம். அவற்றோடு, அச்செயலை எப்போதிலிருந்து செய்வதில்லை, எதற்கு மாறினீர்கள் என்ற வினாவும் வேண்டும்; கைவிட்டவர் சிரமமில்லாதவராக எண்ணப்படும் ஓட்டை அதனால் அடைபடும். கழிப்பறை வினாவின் அருகே அது எவ்வகையினது என்று குறிக்க ஒரு சிறு கட்டம் போதும். முன்சோதனையில் 30 அல்லது 40 பேரிடம் இவ்வினா புரிகிறதா என்று கேட்கும் அதே அமர்வில், உங்கள் முழங்கால் தடுக்கும் வேலைகளுள் இத்தாளில் இல்லாதது எது என்றும் கேட்கலாம். 1982இல் ஒண்டாரியோவின் 100 நோயாளரிடம் கேட்கப்பட்டது ஏறத்தாழ இந்தக் கேள்விதான்.